விருந்தாளிக்கு முதல் நாற்காலி

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் லாரி முனகிக்கொண்டே ஏறியது. பின்னால் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்த நாற்காலிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அதை இயக்குகிற தர்மினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இன்பராஜுக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்கு அந்த நாற்காலியின் மேல் பழைய கோபம் ஒன்று இருந்தது. அது இந்த மலையிலிருந்து உருண்டு விழுந்தால் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றக்கூடியவர் அவர்.

"எங்க அக்கா மவ கல்யாணம் இதாலதான் நின்னுச்சு, தெரியுமா தங்கச்சி? பாளையங்கோட்டையில மண்டபம் புடிச்சு, பத்திரிகை அடிச்சு, எல்லாம் முடிஞ்சாச்சு. பொண்ணு வீட்டுல ஒரு பெரிய மனுசன் சும்மா இருக்காம மாப்பிள்ளைய இதுல உக்கார வைக்கணும்னாரு. 'கடைசி வரைக்கும் கைவிட மாட்டேன்'னு அவன் சொன்னான். பொண்ணுக்குத் தீராத சீக்கு வருதுங்கிற எடத்துல முள்ளு சாய்ஞ்சிருச்சு."

"அப்ப நல்லதுதானே அண்ணை. முதலே தெரிஞ்சிட்டுது."

"என்னத்தத் தெரிஞ்சுது? நெசமாவே சீக்கு வந்து அவ படுத்துக் கெடந்தா அவன் ஒக்காந்து பாத்திருக்க மாட்டான்னு எப்படிச் சொல்லுத? அவன் இப்ப வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கான். எங்க புள்ளதான் இன்னும் கல்யாணமே வேண்டாம்னு ஒக்காந்திருக்கா."

தர்மினிக்கு இந்த வழக்கு புதிதல்ல. நாற்காலியோடு எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்.

"கருவி குறி சொல்லிறேல்லை அண்ணை. ஒரு ஆள் மனசாரச் சொல்லுற வாக்கை எடுத்துக்கொண்டு, அந்த ஆளை அரைத் தூக்கத்தில ஒவ்வொரு படியாக் கூட்டிக்கொண்டு போகும். முதல்ல சின்ன இழப்பு, பிறகு பெரிய இழப்பு. எந்தப் படியில பிடி விடுதோ அதைக் காட்டும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னு எவ்வளவு லேசாச் சொல்லுத" என்று இன்பராஜ் கியரை மாற்றினார்.

உறுதிமானி என்று அதற்கு ஒரு முறையான பெயர் உண்டு. யாரும் அப்படிச் சொல்வதில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து கட்சி அலுவலகம் வரைக்கும் வந்த பிறகு அது வெறும் நாற்காலி ஆகிவிட்டது. பிறகு நாடுகள் அதைக் கையில் எடுத்தன. யாருக்காவது உதவி செய்வதற்கு முன்னால், உதவி கேட்கிறவர்களை அதில் உட்காரவைத்து, பாதியில் விட்டு ஓடுகிறவர்களா என்று பார்த்துக்கொண்டன. உதவி செய்கிறவர்களை உட்காரவைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பிச்சை போடுகிறவனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை அல்லவா.

இந்தத் தடவை உதவி கேட்டவர்கள் குர்துகள். அவர்களுடைய மலைகளின் மேல் நான்கு நாடுகளின் எல்லைக் கோடுகள் ஓடுகின்றன. அவர்களுக்கென்று ஒரு நாடு இல்லை. அந்த மலைகளில் மூன்று பள்ளத்தாக்குகள் ஒன்றுசேர்ந்து, வரும் நவ்ரோஸ் அன்று, அதாவது அவர்களுடைய புத்தாண்டு அன்று, தனி நாடு என்று அறிவிக்கத் தயாராகி நின்றன. நட்பு நாடுகள் என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டணி ஆதரவு தருவதாகச் சொன்னது. அறிவிப்பு வந்த அன்றே வான்குடை விரியும். எண்ணற்ற சிறு டிரோன்கள் வானத்தில் வலையாக நின்று, எந்தக் குண்டையும் எந்த விமானத்தையும் உள்ளே விடாது. ஆனால் குடை பள்ளத்தாக்கின் தரையை மட்டுமே மூடும். பல காலமாக மேலே குகைகளில் ஒளிந்து வாழப் பழகிய சனம் கீழே ஊருக்கு இறங்கிவந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை. மூன்று பள்ளத்தாக்கு மன்றத்தின் ஏழு உறுப்பினர்களும் நாற்காலியில் உட்கார்ந்து, பின்வாங்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும்.

அந்த நாற்காலியைத்தான் லாரி ஏற்றிக்கொண்டு போனது.

கானிஷீன் என்ற அந்த ஊரில் மன்றத் தலைவி ஹேரோ கானின் வீட்டில் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். கான் என்பது அங்கே பெண்களுக்கான மரியாதைச் சொல். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, தோள் அகன்ற பெண். கால்நடை மருத்துவராக இருந்தவள். இப்போதும் ஆடு ஈன முடியாமல் தவித்தால் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவாள் என்று ஊரில் சொன்னார்கள்.

கம்பளத்தில் உட்கார்ந்ததும் தேநீர் வந்தது. ஹேரோ கான் முதல் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, தானே ஒரு வாய் குடித்தாள். அதன் பிறகுதான் மற்றக் குவளைகளில் ஊற்றி விருந்தாளிகளுக்கு நீட்டினாள். நல்ல தாகம் போலிருக்கிறது என்று தர்மினி நினைத்துக்கொண்டாள். இன்பராஜின் முகம் லேசாகச் சுளித்தது. அவருடைய அம்மா இருந்திருந்தால், எச்சில் வாயோடு ஊற்றியது என்று அந்தக் குவளையைத் தொட்டிருக்க மாட்டாள்.

ஹேரோ கான் வாயைத் திறந்ததும் தர்மினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோர் காதுக்குள்ளும் மொழிபெயர்ப்பு மணி இருந்தது. தர்மினியுடையது பழைய மணி. பல வருடமாக அவள் அம்மாவோடு பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்தது. அதனால் அந்தக் குர்துப் பெண் சொன்னது முல்லைத்தீவுக் குரலாக வந்து விழுந்தது.

"பயணம் எப்பிடி, பிள்ளை? களைச்சுப் போனியள். இந்தச் சீனிக்கட்டியைப் பல்லில வச்சுக்கொண்டு குடியுங்கோ."

தர்மினி சொன்னபடியே சீனிக்கட்டியைப் பல்லில் வைத்துக்கொண்டாள். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து, யாராவது அவளைப் பிள்ளை என்று கூப்பிடுவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கூட்டணியின் தூதர் லூண்ட் எதிரில் உட்கார்ந்திருந்தார். உயரமானவர், மரியாதை தெரிந்தவர், குர்து மொழியில் வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பள்ளத்தாக்கின் வரைபடத்தை விரித்து, குடை எங்கிருந்து எங்கு வரை விரியும் என்று விரலால் காட்டினார். அவர் பேசிய ஆங்கிலம் தர்மினிக்கு மணி இல்லாமலே புரிந்தது. அவர் கண்களில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. பிறகு ஒரு தொலைபேசி அழைப்புக்காக வெளியே போனார்.

ஹேரோ கான் தர்மினியின் பக்கம் திரும்பினாள்.

"அந்த நாற்காலி என்ன செய்யும் எண்டு எனக்குச் சொன்னவை. அதில இருக்கிற ஆள் பொய் சொன்னால்?"

"பொய் சொன்னால் அது ஓடவே ஓடாது அம்மா. மனசாரச் சொன்னால் மட்டும்தான் வேலை செய்யும். மனசாரச் சொன்ன வாக்கு எந்த இடத்தில முறியும் எண்டுதான் காட்டும்."

"மனசாரச் சொன்னதும் முறியுமோ?"

"அதுதான் கூட முறியிறது."

ஹேரோ கான் அதை யோசித்துக்கொண்டே சீனிக்கட்டியை உடைத்தாள். "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க ஒரு பெரிய நாடு எங்களுக்குச் சண்டை பிடிக்கத் துவக்குத் தந்தது. எழும்புங்கோ, நாங்கள் பின்னால நிக்கிறம் எண்டது. எழும்பினம். திரும்பிப் பாத்தால் பின்னால ஒருத்தரும் இல்லை. பனிக்குள்ளால நடந்து போனம். என்ர தங்கச்சி நடக்கேல்லை."

"பிறகும் ஏன் நம்புறியள்?"

"ஒரு சனம் எவ்வளவு காலத்துக்குக் குகைக்குள்ள இருக்கிறது, பிள்ளை? எங்களுக்கும் ஒரு தபால்தலை வேணும். பிள்ளையள் பள்ளிக்கூடத்தில எங்கட பாஷையில கணக்குப் படிக்க வேணும். இதெல்லாம் நம்பாமல் கிடைக்குதோ?" பிறகு, பேச்சோடு பேச்சாக, "உங்கட ஊரிலயும் ஆராவது வாக்குத் தந்தவையோ?" என்று கேட்டாள்.

தர்மினி இதை யாரிடமும் சொல்வதில்லை. அந்தக் குரல் அம்மாவின் குரலாக இருந்ததாலோ என்னவோ சொன்னாள்.

"கடைசிச் சண்டை நேரம் நாங்கள் கடற்கரையில பங்கர் வெட்டி இருந்தனாங்கள். எனக்கு அப்ப சின்ன வயசு. வெளிநாட்டுக் கப்பல் வருது, எல்லாரையும் ஏத்திக்கொண்டு போகும் எண்டு ஒரு கதை. அப்பா கப்பலைப் பாத்துக்கொண்டு இருந்தவர். பக்கத்துப் பங்கர்ச் சனம் நீரேரியைத் தாண்டிப் போகேக்க எங்களையும் வரச் சொல்லிக் கூப்பிட்டதுகள். அப்பா வரேல்லை. இண்டைக்கு வந்திடும் எண்டவர். கடைசியில அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணிக்குள்ளால போனவ."

"கப்பல் வந்ததோ?"

"இல்லை."

"அப்பா?"

"அங்கயே."

ஹேரோ கான் இன்னொரு குவளை ஊற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அதை அவள் கையில் வைத்தாள்.

சோதனை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சுவரில் புதிய கொடி ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது. அதைத் தைத்தவர்களும், அவர்கள் புருஷன்மாரும், தோளில் குழந்தையோடு ஒரு கூட்டமும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். மலைக்குகைகளிலிருந்து சனம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. பூட்டிக்கிடந்த வீடுகளில் புகை எழும்பியது.

தர்மினி நாற்காலியைப் பொருத்தி, தலைப்பட்டையைத் துடைத்து வைத்தாள். அளவுகாட்டும் பலகை அவள் கையில் இருந்தது. முடிவை அவளைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. அவள் தூதுக்குழுத் தலைவரான லூண்டிடம் மட்டுமே சொல்ல வேண்டும். அது விதி.

"ஹேரோ கான், தொடங்கலாமா?" என்று லூண்ட் கையை நீட்டினார்.

ஹேரோ கான் எழுந்து வந்து நாற்காலியின் முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"விருந்தாளி நிக்கேக்க வீட்டுக்காரி இருக்கிறதோ? எங்கட ஊர் வழக்கத்தில எதுவும் முதல் விருந்தாளிக்குத்தான். முதல் கவளம் விருந்தாளிக்கு. முதல் கதிரையும் விருந்தாளிக்கு. நீங்கள் இருங்கோ. பிறகு நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தலையாட்டினார்கள். மன்றத்தில் ஒருவரான கரீம் என்ற பள்ளி ஆசிரியர் மட்டும் எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார்.

லூண்ட் சிரித்தார். வழக்கத்தை மதிப்பது எப்படி என்று அவருக்கு ஒரு வாரம் வகுப்பே எடுத்திருந்தார்கள். அதோடு அவருக்குத் தன் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "நல்லது, எப்படி வேலை செய்கிறது என்று இவர்களும் பார்க்கட்டும். நான் என்ன சொல்ல வேண்டும்?"

"இங்க சொன்னதையே சொல்லுங்கோ" என்றாள் ஹேரோ கான்.

லூண்ட் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, மனதார, சொன்னார். "நாங்கள் விரிக்கும் குடையை நாங்களாக மடக்க மாட்டோம்."

நாற்காலி முனகியது. தர்மினி பலகையைப் பார்த்தாள். கருவி ஓடியது, ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

உறுதிமானியில் முதல் படிக்கு வெறுநாள் என்று பெயர். அதில் எந்த இழப்பும் இல்லை. யாரும் மிரட்டுவதில்லை, எதுவும் செலவாவதில்லை. நாட்கள் சும்மா போகும், செய்திகளில் வேறு ஊர்ப் பெயர்கள் வரும், அவ்வளவுதான். கருவி சூடாவதற்காக வைத்த படி அது. கல்யாணப் பையன்கள்கூட அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். பயமும் போரும் சாவும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

லூண்டின் முள் வெறுநாளில் சாய்ந்தது.

தர்மினி பலகையைத் தட்டிப் பார்த்தாள். இணைப்பைச் சரிபார்த்தாள். பிழை எதுவும் இல்லை. முள் அங்கேயே, அடியில், படுத்துக் கிடந்தது.

லூண்ட் கண்ணைத் திறந்து தலைப்பட்டையைக் கழற்றினார். தர்மினியின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. அருகில் வந்து பலகையை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிகளின் பெயர் தெரியாது. முள் கீழே கிடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. தாழ்ந்த குரலில் சொன்னார்: "இது வெறும் செய்முறை விளக்கம். அழித்துவிடுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், மேலே போவோம். இத்தனை பேர் காத்திருக்கிறார்கள்."

"என்ன காட்டுது, பிள்ளை?" என்று ஹேரோ கான் கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவன் நன்றாகப் பார்ப்பதற்காகக் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினான்.

சொல்லக் கூடாது என்பது விதி. நல்லா இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏழு பேர் உட்காருவார்கள், கையெழுத்தாகும், சனம் முழுவதும் கீழே இறங்கும், நெருப்புக் கொளுத்தி ஆடுவார்கள், தபால்தலை அச்சாகும். பிறகு ஒரு நாள், யாருக்கும் யார் மேலும் கோபமில்லாத ஒரு சாதாரண நாளில், குடை மடங்கும். தர்மினி பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். நாற்காலியோடு இத்தனை ஊர் சுற்றியும் ஒருநாளும் அவள் இப்படிப் பயந்ததில்லை.

அவள் ஹேரோ கானைப் பார்த்து, தமிழில் சொன்னாள்.

"எங்கட அப்பா கப்பலைப் பாத்துக்கொண்டு இருந்தவர்."

லூண்டின் காதில் அது ஆங்கிலத்தில் விழுந்திருக்க வேண்டும். என் தந்தை ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புருவத்தைச் சுருக்கினார். மொழிபெயர்ப்பு தடுமாறுகிறது என்று நினைத்துக் காதுமணியைத் தட்டிக்கொண்டார்.

ஹேரோ கான் தட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய அகன்ற தோள்கள் மெல்ல இறங்கின. பிறகு மன்ற உறுப்பினர்களைக் கையசைத்து அழைத்துக்கொண்டு பக்கத்து வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே சத்தம் எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. யாரோ அழுதார்கள். கதவு திறந்தபோது கரீம் ஆசிரியரின் கண்கள் சிவந்திருந்தன. அவர் நேராகச் சுவருக்குப் போய், கொடியைக் கழற்றி, மனைவி தைத்த ஓரம் கசங்காமல் மடிக்கத் தொடங்கினார்.

"இந்த நவ்ரோசுக்கு நெருப்பு மட்டும்தான் கொளுத்துவம்" என்றாள் ஹேரோ கான். "அறிவிப்பு இல்லை. உங்களுக்குக் கரைச்சல் தந்ததுக்கு மன்னியுங்கோ. மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு இருக்கு, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

லூண்ட் வாதாடினார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். இந்தச் சந்தர்ப்பம் இனி வராது என்றார். அது உண்மை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் குரல் உடைந்ததைக் கேட்கத் தர்மினிக்கே பாவமாக இருந்தது. ஹேரோ கான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் நாற்காலியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கும்போது இன்பராஜ் திருகாணிகளை வாங்கிப் போட்டுக்கொண்டே நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

"கேக்கேன்னு தப்பா நெனைக்காத தங்கச்சி. அந்த ஆளு இன்னைக்கு அப்படி இருக்காரு. நாளைக்கு இங்கன ஒரு புள்ள அடிபட்டுக் கெடக்கதப் பாத்தா மாறிட்டாருன்னு வையி. அந்த மாத்தத்துக்கு இந்த நாற்காலில எடம் இருக்கா?"

"இல்லை அண்ணை."

"அப்ப? இந்தச் சனம் தலைமுறை தலைமுறையாக் கேட்டுக்கிட்டு இருந்தது. கையில வந்ததை நீ ஒரு வார்த்தையில நிப்பாட்டிட்டியே."

தர்மினி பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள். இன்பராஜ் பதறிப்போய், சும்மா கேட்டேன், ஏதோ வாயில வந்தது என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினார். அவர் சும்மா கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தண்ணீர் வருவதற்குள் லூண்ட் வந்தார். கோட்டைக் கையில் போட்டிருந்தார். கோபமாக வருவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் ஒரு சிறு பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"நான் பொய் சொல்லவில்லை."

"தெரியும் சேர். பொய் சொல்லியிருந்தால் கருவி ஓடியிருக்காது."

"இந்தத் திட்டத்துக்காக என் நாட்டில் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? என் மகளின் பட்டமளிப்புக்குப் போகவில்லை." மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டார். "எங்கே முறிந்தது? போரிலா? எங்கள் வீரர்கள் சாகும் இடத்திலா? தேர்தலிலா?"

சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் இவரிடம் சொல்வதுதான் விதி.

"வெறுநாளில்."

"அப்படியென்றால்?"

"ஒன்றும் நடக்காத நாள் சேர். நீங்கள் எதையும் இழக்கவில்லை. உங்களை யாரும் மிரட்டவில்லை. நாட்கள் போயின. செய்தியில் வேறு ஊர் வந்தது."

லூண்ட் கோட்டை மடியில் வைத்து மடித்தார், மறுபடி பிரித்தார். பயத்தில் முறிந்தது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார் போலிருந்தது. எழுந்து போகும்போது, "மறுபடி ஒருமுறை உட்கார முடியுமா?" என்று கேட்டார்.

"ஒரே வாக்குக்கு இரண்டாம் தடவை செல்லாது சேர். மனசுக்கு வழி தெரிந்துவிடும்."

மறுநாள் நவ்ரோஸ். இருட்டத் தொடங்கியதும் மலைச் சரிவுகளில் நெருப்புகள் எழுந்தன. தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் வளைந்து வளைந்து ஏறினார்கள். கீழே கை கோத்து ஆடினார்கள். பாட்டுச் சத்தம் இருந்தது, ஆனால் யாரும் கத்திக் கொண்டாடவில்லை. ஆட்டத்துக்கு நடுவே குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. இறங்கி வந்தவர்கள் மறுபடி ஏறப்போகிறார்கள்.

விடைபெறுவதற்காகத் தர்மினி ஹேரோ கானின் வீட்டுக்குள் போனாள். தேநீர் வந்தது. ஹேரோ கான் ஊற்றினாள், ஒரு வாய் குடித்தாள், பிறகு நீட்டினாள். தர்மினி குவளையை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்கள் ஒவ்வொரு முறையும் முதல் குடிக்கிறியள்."

"ஓம். விருந்தாளிக்குக் குடுக்கிறதை வீட்டுக்காரர் முதல் வாயில வச்சுப் பாக்க வேணும். நஞ்சில்லை எண்டு காட்டிறதுக்கு. இந்த மலையில எங்க போனாலும் இதுதான் வழக்கம்."

"அப்ப நேற்று, எதுவும் முதல் விருந்தாளிக்குத்தான் எண்டு சொன்னியள்."

ஹேரோ கான் தன் குவளைக்குள் பார்த்தாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது. கன்னத்தில் ஏதோ அசைந்தது.

"நேற்று வச்சது அவை கொண்டுவந்த தேத்தண்ணி, பிள்ளை. அவைதானே முதல் குடிச்சுக் காட்ட வேணும்."

தர்மினிக்குக் கரீம் ஆசிரியர் வாயெடுத்து மூடிக்கொண்டது நினைவுக்கு வந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. ஊரே சேர்ந்து, ஒருவரும் சிரிக்காமல், ஒரு வழக்கத்தைத் தலைகீழாகப் பிடித்து நின்றிருக்கிறது.

"நான் சொல்லுவன் எண்டு தெரியுமோ?"

"தெரியாது. கப்பல் கதையைக் கேட்ட பிறகு ஒரு நம்பிக்கை. அது பொய்யாப் போயிருந்தால் நாங்கள் போய்ச் சேர்ந்திருப்பம்." பிறகு அவள் குரல் இறங்கியது. "முள் மேல நிக்கும் எண்டு நான் எவ்வளவு ஆசைப்பட்டன் தெரியுமோ, பிள்ளை? நேற்று முழுக்க அழுதனான். எங்கட கொடி எவ்வளவு வடிவா இருந்தது."

தர்மினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திரும்பி" என்று தொடங்கினாள். ஹேரோ கான் தலையை அசைத்து அவளை நிறுத்தினாள்.

"அதைச் சொல்லாதை. தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது."

அந்தக் கோடையில் ஒரு படை எல்லை தாண்டிக் கானிஷீனுக்குள் நுழைந்தது. அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் வந்திருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். செய்தியில் இரண்டு வரி வந்தது. வீடுகள் பூட்டிக் கிடந்தன, அடுப்புகளில் பழைய சாம்பல் இருந்தது, ஆட்கள் யாரும் இல்லை. அவர்கள் மலையில் எந்தப் பக்கம் போனார்கள் என்று செய்தி சொல்லவில்லை. தர்மினி கேட்டுப் பார்க்காத இடமில்லை. முதல் மாதம் தினமும் தேடினாள். பிறகு வேலை வந்தது. பிறகு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் லூண்ட் திரையில் வந்தார். பழைய அன்போடு நலம் விசாரித்தார். தூரத்துத் தீவு ஒன்றில் மக்கள் எழுந்திருக்கிறார்கள், கூட்டணி உதவப் போகிறது, நாற்காலியோடு அவளும் இன்பராஜும் உடனே கிளம்ப வேண்டும் என்றார். அவர் கண்களில் அதே உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அந்தத் தீவின் மக்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, தர்மினிக்கும் அங்கே என்ன மொழி பேசுவார்கள், எத்தனை பேர் உட்கார வேண்டியிருக்கும் என்றெல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது.

பேச்சுக்கு நடுவே லூண்ட் பக்கத்தில் யாரிடமோ திரும்பித் தன் சொந்த மொழியில் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியாது என்ற எண்ணத்தில் சொன்னதல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். காதில் இருந்த பழைய மணி அதையும் விடவில்லை. முல்லைத்தீவுக் குரலில், அவளுடைய வீட்டு ஆள் ஒருவர் சொல்வது போலவே, அது வந்து விழுந்தது.

"இந்தப் பிள்ளைதான் அண்டைக்கு அந்த மலை இடத்தில நாற்காலியைப் பாத்தவ. அதுக்கு என்ன பேர்? நாக்கு நுனியில நிக்குது."

தர்மினி வாயைத் திறந்தாள். பெயர் உடனே வரவில்லை. தேநீர் வந்தது, சீனிக்கட்டி வந்தது, கொடியை மடிக்கும் கை வந்தது, பெயர் வரவில்லை.

"கானிஷீன்" என்றாள் கடைசியில். பிறகு, தனக்காக, இன்னொரு தடவையும் சொன்னாள்.